பிட்டும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த இடம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் யார் மேடை போட்டாலும் ஒரு வசனம் கட்டாயம் வரும். "தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல." கைதட்டல் கிடைக்கும். கூட்டம் கலையும். அவரவர் அவரவர் ஊருக்குப் போய்விடுவோம். இந்த உவமை ஏன் எங்கள் மண்ணில் மட்டும் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாக இருந்த நாங்கள் சிலர், சனி ஞாயிறு ஓய்வு கிடைத்தால் சந்தைகளுக்குப் போய் வருகிறோம். மீன், மரக்கறி, தயிர், பாய், சாரன் எல்லாம் பார்ப்போம், வாங்குவோம், விற்பவர்களோடு கதைப்போம். வரலாற்றுப் பாடத்தில் அரசர்களும் யுத்தங்களும் இருக்கின்றன, சந்தை இல்லை. ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது 1638 என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வாப்பா உடுத்திருக்கும் சாரனுக்கு ஏன் 'பளையகட்' என்று பெயர் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் மண்ணின் அமைப்பைப் பாருங்கள். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். மேற்கே, வயலும் காடும் குளமுமாக விரியும் நிலம் படுவான்கரை. சூரியன் படும் பக்கம். எழுவான்கரையில் தென்னை, மீன், கருவாடு, நெசவு, கடை. படுவான்கரையில் நெல், எருமைத் தயிர், தேன், விறகு. ஒரு கரையில் இருப்பது மறு கரையில் இல்லை. தோணி போய்த்தான் ஆக வேண்டும்.

இப்போது பிட்டை நினைத்துப் பாருங்கள். மாவு வயலிலிருந்து வந்தது. தேங்காய் கடற்கரையிலிருந்து வந்தது. குழலுக்குள் ஒரு பிடி மாவு, ஒரு பிடி பூ, மறுபடி மாவு. இரண்டும் கரைந்து ஒன்றாவதில்லை. மாவு மாவாகவே இருக்கிறது, பூ பூவாகவே இருக்கிறது. ஆனால் பூ இல்லாத பிட்டு தொண்டையில் இறங்காது. இந்த உவமையை யார் முதலில் சொன்னாரோ, அவர் இரண்டு கரைச் சாமானையும் தினமும் கண்டவராகத்தான் இருந்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கரையோர வீதியில் பஸ்ஸில் தெற்கே போனால் இது இன்னும் நன்றாக விளங்கும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மறுபடி முஸ்லிம் ஊர். பிட்டுக் குழலைப் படுக்க வைத்த மாதிரி. சம்மாந்துறை நெல், மருதமுனைத் துணி, களுதாவளை வெற்றிலை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொருள் பெயர் சொல்லும். தாய்வழிக் குடிமுறை இரண்டு சமூகத்துக்கும் பொது. பள்ளிவாசல், கோயில் நிருவாகத்தில்கூட அந்தக் குடிகளின் சுவடு இருக்கிறது.

இதெல்லாம் எவ்வளவு பழையது? எங்கள் கரையை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம். 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். கரையோரம் கறுவாப் பட்டைகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். மலபாரிலிருந்தும் மஃபர் என்ற சோழமண்டலக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் அதை விலை கொடுக்காமலே ஏற்றிப் போகிறார்கள், பதிலுக்கு மன்னருக்குத் துணியும் வேறு பொருட்களும் அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதி வைத்தார். அந்த மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி, தமிழர். எழுதியவர் மொரோக்கோ நாட்டு முஸ்லிம். நடுவில் நின்றது துணி.

1626ஐ நம் பிள்ளைகள் மறக்கக் கூடாது. போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஏற்கெனவே இங்கிருந்த முஸ்லிம்களோடு அவர்கள் கலந்தார்கள். துரத்தப்பட்டவனுக்கு நிலம் உடனே கிடைக்காது. தெரிந்த தொழில் வியாபாரம். எனவே நடந்தார்கள்.

அந்த நடைக்குப் பெயர் தவளம். மாட்டின் முதுகில் பொதி ஏற்றி, வரிசையாக ஓட்டிப்போவது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்கு ஏறும். அங்கிருந்து பாக்கும் மற்ற விளைபொருட்களும் இறங்கும். உப்பு இல்லாமல் மலையில் யாரும் வாழ முடியாது. கண்டி இராச்சியத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்று ஒரு அரச பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெருமளவில் வேலை செய்தார்கள். கலாநிதி லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு சிங்களப் பெண்மணி நம் வரலாற்றை அவ்வளவு அக்கறையோடு எழுதினார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வியாபாரியின் காலுக்கு என்ன மரியாதை இருந்தது என்பதற்கு றொபேட் நொக்ஸ் சாட்சி. 1660இல் மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேயர். கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் கைதி. தொப்பி பின்னி விற்றுச் சீவித்தார். பிறகு புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் எல்லாம் சுமந்து ஊர் ஊராக விற்றார். சாமான் விற்கிறவன் எந்த ஊருக்குள்ளும் போகலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அப்படி வடக்கே போகும் வழியைப் படித்துக்கொண்டுதான் 1679இல் தப்பினார். கைதியாக இருந்த அந்நியனுக்கே சுமைப்பொதி ஒரு கடவுச்சீட்டாக இருந்திருக்கிறது.

இனி அந்தச் சாரன் கதை. தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே பழவேற்காடு என்று ஒரு கடற்கரை ஊர். 1613இல் ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டினார்கள். அந்தப் பக்கத்துக் கட்டம் போட்ட துணி கப்பலேறி இலங்கைக்கும் மலாய்த் தீவுகளுக்கும் போனது. ஊரின் பெயர் ஐரோப்பியர் வாயில் 'புலிகட்' ஆனது. மலாய்க்காரர் 'பெலிகட்' என்றார்கள். நம் வாயில் பளையகட். 'சாரன்' என்ற சொல்லே மலாய்ச் சொல். ஒரு துண்டுத் துணியில் தமிழ்நாட்டு ஊர், ஒல்லாந்தக் கப்பல், மலாய் மொழி, மருதமுனைத் தறி நாலும் இருக்கின்றன. அதை உடுத்திக்கொண்டு சில பேர் "வெளியாள் இங்கே என்ன செய்கிறான்" என்று கேட்கிறார்கள்.

மருதமுனையில் தறிச் சத்தம் ஒரு காலத்தில் விடியுமுன் தொடங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1970 முதல் 1977 வரை துணி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. மற்றவர்களுக்கு அது பாணுக்கு வரிசையில் நின்ற காலம். நெசவாளிக்கு அது நல்ல காலம். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணியும் இயந்திரத் துணியும் மலிவாக வந்து குவிந்தன. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்தத் துணியைப் படுவான்கரைக்குக் கொண்டுபோனவர்கள் பொட்டணி வியாபாரிகள். தலையில் பொட்டணி, பிறகு சைக்கிளில் பொட்டணி. அறுவடைக்கு முன் துணி கொடுப்பார்கள், அறுவடைக்குப் பின் நெல்லாகவோ சல்லியாகவோ வாங்குவார்கள். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. போடியார் வீட்டுத் திண்ணையில் லுஹர் தொழுதுவிட்டு, அந்த வீட்டு அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தவர்கள் அவர்கள். தவணைக்குக் கொடுக்க வேண்டுமானால் ஆளை நம்ப வேண்டும். அடுத்த அறுவடைக்கும் நான் வருவேன், நீயும் இருப்பாய் என்ற நம்பிக்கை அது.

1990இல் அந்த நம்பிக்கை உடைந்தது. காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை, சத்துருக்கொண்டான். இந்தப் பெயர்களைச் சொன்னாலே போதும், இரண்டு பக்கத்திலும் அழுகிற வீடுகள் இருக்கின்றன. நாங்கள் அப்போது பாலர்கள் அல்லது பிறக்காதவர்கள். ஆனால் அதற்குப் பிறகு வளர்ந்தவர்கள் நாங்கள்தான். பொட்டணி வியாபாரி படுவான்கரைக்குப் போகவில்லை. தயிர்க்காரி இந்தப் பக்கம் வரவில்லை. அவரவர் ஊரில் அவரவர் சந்தை வந்தது. எங்கள் வயதில் எத்தனை பேர் பத்து மைல் தள்ளியிருக்கும் தமிழ் ஊரின் சந்தையை முதன்முதலாக 25 வயதுக்குப் பிறகு கண்டோம் என்று எண்ணிப் பாருங்கள். அங்கேயும் அதே கணக்குத்தான்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. மருதமுனையில் ஆட்களும் போனார்கள், தறிகளும் போயின. கடல் ஊரின் பெயர் கேட்டு வரவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. அதுவரை வாவியைக் கடக்க 'பாதை'க்குக் காத்துநின்றவர்கள் இப்போது சில நிமிடங்களில் கடக்கிறார்கள். கொங்கிறீட் பாலம் போட்டாயிற்று. அதில் யார் யார் எதற்காகப் போகிறார்கள் என்பதுதான் மீதிக் கேள்வி.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ஜூன் மாதம் புத்தளம் மாவட்டத்துத் தங்கொட்டுவ வாரச்சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று பிரதேச சபைத் தலைவர் கடிதம் கொடுத்தார். விஷயம் மாரவில நீதவான் நீதிமன்றம் வரை போனது. கோபம் வந்தவர்கள் முதலில் கைவைத்தது சந்தையில் என்பதைக் கவனியுங்கள். ஒரு சமூகத்தைத் தனிமைப்படுத்த வேண்டுமானால் சந்தையிலிருந்து விலக்கினால் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதன் பெறுமதி நமக்குத்தான் தெரியவில்லை. ஏனென்றால் "அவங்கட கடையில வாங்காதீங்க" என்ற செய்தி சிங்களத்தில் வந்தால் கொதிக்கிறோம். தமிழில், நம்முடைய குழுக்களிலேயே, தமிழர் கடையைப் பற்றியோ முஸ்லிம் கடையைப் பற்றியோ வந்தால் பேசாமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

இப்போது சந்தையில் நாங்கள் காண்பது என்ன? பன்பாய் இழைக்கும் பெண்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். பன்னை வெட்டி, காயவைத்து, சாயம் போட்டு, நாட்கணக்கில் குந்தியிருந்து இழைத்த பாயைப் பிளாஸ்டிக் பாயின் விலைக்குக் கேட்கிறோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் நூலும் சாயமும் விலை ஏறித் தறிக்காரரை மறுபடி அடித்தது. கைத்தறித் துணியின் கரையை உற்றுப் பாருங்கள். துணியை விரித்துப் பிடிக்கப் போட்ட ஊசிக் குத்துகள் சின்னச் சின்னதாகத் தெரியும். அது குறையில்லை, கையால் நெய்ததற்கு அடையாளம். பிள்ளைகளுக்கு அதைத் தொட்டுக் காட்டுங்கள்.

ஒரு சனிக்கிழமை, தயிர் விற்ற ஒரு தமிழ் அம்மா எங்களிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "உங்கட ஊர் ஆள் ஒருத்தர் எங்கட அம்மாக்குச் சீலை கொண்டு வருவார் மனே. கடைசியா வாங்கின சீலைக்குக் காசு குடுக்கல்ல. அவர் பிறகு வரவேயில்ல" என்றார். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கடன். அந்த வியாபாரி யாரென்று பெயர் தெரியாது, இருக்கிறாரா என்றும் தெரியாது. கடன்பட்டவர் மறக்கவில்லை. இப்படி எத்தனை கணக்குகள் இரண்டு கரையிலும் முடியாமல் கிடக்கின்றனவோ.

ஆகவே உறவுகளே, இரண்டு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் சமூகத்தவர் பெரும்பான்மையாக இல்லாத ஒரு ஊரின் சந்தைக்குப் போங்கள். ஒரு பாயோ, ஒரு சட்டித் தயிரோ, ஒரு பிடி கீரையோ வாங்குங்கள். பேரம் பேசுங்கள், அதுவும் ஒரு உறவுதான். ஆனால் கையால் செய்த பொருளுக்குக் கைக்கூலியாவது மிஞ்சுமாறு பேசுங்கள்.

அடுத்தது, உங்கள் வீட்டில் தவளம் பற்றிக் கேள்விப்பட்டவரோ, பொட்டணி சுமந்தவரோ, தறி அடித்தவரோ, பாய் இழைத்தவரோ இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்தச் சாமானை எந்தத் துறையில் ஏற்றினார்கள், யார் வீட்டில் தண்ணீர் குடித்தார்கள், யாருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று. அந்தத் தலைமுறை மௌத்தாகிக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஒரு சிஆர் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்களிடம் இருப்பதையும் தாருங்கள், சேர்த்து எழுதுவோம்.