சொம்: ஒரு வெள்ளிப்பாளத்தின் பெயர்

சிரில்லிக் வரிவடிவில் மூன்றே எழுத்து. கிர்கிஸ்தானின் பிஷ்கெக் சந்தையில் 'சொம்' என்றால் பணம். மாஸ்கோவின் மீன்கடையில் அதே மூன்று எழுத்தும் கெளுத்தி மீன். உக்ரேனியம், பல்கேரியம், செர்பியத்திலும் அப்படித்தான். அந்த மீனை லித்துவேனியர் 'ஷாமஸ்' என்கிறார்கள். ஆகவே மீனின் பெயர் ஸ்லாவிய, பால்டிக் மொழிகளின் பழைய பொதுச்சொத்து. பணத்தின் பெயரோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பணச்சொல் துருக்கிய மொழிக் குடும்பத்தது. கலப்பில்லாதது, உள்ளே பொள்ளல் இல்லாதது என்று பொருள். துருக்கியில் கெட்டித் தங்கத்தை இன்றும் 'சொம் அல்தின்' என்பார்கள். பண்பைக் குறித்த சொல் பண்டத்துக்கே பெயரானது இப்படித்தான்: 14ஆம் நூற்றாண்டில் வோல்காக் கரையிலும் கருங்கடல் துறைமுகங்களிலும் பெரிய வணிகம் வெள்ளிப்பாளங்களில் நடந்தது. பாளம் ஒன்று ஏறத்தாழ 200 கிராம். அந்தப் பகுதி வழியே போன பயணி இபன் பதூதா அதன் பெயரைக் குறித்துவைத்தார். பிளாரன்ஸ் வணிகர் பெகலோத்தியும் தம் வணிகக் கையேட்டில் அதை 'சொம்மோ' என்று எழுதினார்.

ரஷ்யரின் 'ரூபிள்' என்ற பெயரும் வெள்ளிப்பாளத்தில் பிறந்ததே; வெட்டுதல் என்னும் வினையடியிலிருந்து வந்தது. ஒருவர் வெட்டைப் பார்த்துப் பெயர் வைத்தார், மற்றவர் தூய்மையைப் பார்த்து வைத்தார். இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பாளம் மறைந்தது, பெயர் மறையவில்லை. ரஷ்ய ஆட்சி வந்து ரூபிள் புழங்கியபோதும் துருக்கிய மொழி பேசிய மக்கள் அதைத் தங்கள் பழைய சொல்லாலேயே அழைத்தார்கள். சோவியத் நோட்டுகளில் மதிப்பு 15 மொழிகளில் அச்சாகியிருந்தது. ஒரு ரூபிள் தாளில் கிர்கிஸ் வரி 'பிர் சொம்' என்றது, உஸ்பெக் வரி 'பிர் சூம்' என்றது. அதனால் 1993 மே மாதம் கிர்கிஸ்தான் 200 ரூபிளுக்கு ஒன்று என்ற கணக்கில் சொந்தப் பணம் வெளியிட்டபோது புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. உஸ்பெகிஸ்தானும் அதே சொல்லை எடுத்துக்கொண்டது. கசக் மொழியும் ரூபிளைச் 'சொம்' என்றே சொல்லிவந்தது. ஆனாலும் கசகஸ்தான் 'தெங்கே' என்ற வேறொரு பழம்பெயரைத் தேர்ந்தது.

கிர்கிஸ் சொம்மின் நூறில் ஒரு பங்கு 'தியின்'. அதன் பொருள் அணில். தோல் பணமாகப் புழங்கிய காலத்தின் எச்சம்.

ரஷ்யாவுக்குள்ளேயே தாத்தாரியர் ரூபிளை இன்றும் 'சும்' என்கிறார்கள். பக்கத்துப் பஷ்கீர் மொழியில் சொல்முதல் சகரம் ஹகரமாகும் வழக்கம் உண்டு. அங்கே தண்ணீரைக் குறிக்கும் 'சு', 'ஹிவு' ஆனதுபோல, ரூபிளும் 'ஹும்'.