பை என்னும் பெயர்

மராட்டியத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் கருப்பையைப் 'பிஷ்வி' என்பர். சந்தைக்குக் கொண்டுபோகும் பைக்கும் அதே சொல்தான். தெலுங்கில் அது கர்ப்பசஞ்சி. இந்தியில் பச்சேதானி, பிள்ளைக்கான கொள்கலம். நம் கர்ப்பப்பையும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. பிள்ளைப்பேறு முடிந்தபின் பை எதற்கு என்னும் கேள்வி இப்பெயர்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

அக்கேள்விக்கு வலுவூட்டியது கூலிமுறை. ஏறத்தாழ ஆறுமாத வெட்டுப் பருவத்திற்கு, 'முகாதம்' எனப்படும் ஒப்பந்தக்காரர் கணவனையும் மனைவியையும் ஒரே அலகாக முன்பணம் கொடுத்து அமர்த்துகிறார். அந்த அலகின் பெயர் 'கோய்தா', அதாவது அரிவாள். இருவருள் ஒருவர் ஒருநாள் வராவிட்டாலும் தண்டம் உண்டு. வயலோரக் குடிசைகளில் கழிப்பறையில்லை, போதிய தண்ணீருமில்லை. மாதவிடாயும் தொற்றும் இந்தக் கணக்கில் நட்டமாகவே பதிவாகின்றன. 2019இல் மாநில அரசு அமைத்த குழுவின் ஆய்வில் 82,309 பெண்களுள் 13,861 பேர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. அதாவது ஆறில் ஒருவர். 2015–16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15–49 வயதுப் பெண்களிடையே அவ்விகிதம் 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. வயது வரம்புகள் வேறானாலும் இடைவெளி சிறிதன்று.

பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் தனியார் மருத்துவமனைகள் செய்த தேவையற்ற கருப்பை நீக்கங்கள் 2013இல் உச்சநீதிமன்றம் சென்றன. அவற்றில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுப் பணமும் ஒரு காரணம். தீர்ப்பு 2023இல் வந்தது.

பீடில் பலருக்குச் சொல்லப்பட்டது, வெள்ளைப்படுதல் புற்றுநோயாகிவிடும் என்பதே. அச்சத்திற்கு விளக்கம் தேவைப்படவில்லை. சொல்லாமல் விடப்பட்டதுதான் பெரிது: சூலகங்கள். மராத்தியின் 'அண்டாசய்' பாடநூற் சொல். அன்றாடப் பேச்சில் 'பிஷ்வி'யை எடுத்தாயிற்று என்றால் சூலகங்களும் போயினவா என்பது தெரியாது. அவையும் நீக்கப்பட்டால் முப்பது வயதுப் பெண்ணுக்கும் மாதவிடாய் நிறுத்தம் உடனே நேர்கிறது. விட்டுவைத்தாலும் சற்று முன்னதாக வரக்கூடும். உடல் திடீரெனக் கனல்வது, உறக்கமின்மை, எலும்புத் தேய்வு, காரணம் புலப்படாத துயரம் ஆகியவை அதன் விளைவுகள் என்று முன்கூட்டி அறியாதவள், அவற்றைத் தன் மனத்தின் பலவீனமாகவே எடுத்துக்கொள்ள நேர்கிறது. மீண்டும் கரும்பு வெட்டப் போகவேண்டியவளுக்கு அதைச் சொல்லிக்கொள்ள ஆளுமில்லை.

தேசியக் கணக்கெடுப்பு கருப்பை நீக்கம் எப்போது, எங்கே, ஏன் நடந்தது என்று கேட்கிறது. சூலகங்கள் எஞ்சியுள்ளனவா என்றோ, அறுவைக்கு முன் என்ன சொல்லப்பட்டது என்றோ கேட்பதில்லை.