குரோமியம் எங்கே உட்காருது?

ஆம்பூர்னா உங்களுக்கு பிரியாணியும் ஷூவும் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம பேசப்போறது குரோமியம்.

ஒரு காலத்துல இந்தப் பக்கத்துத் தோல் ஆவாரம்பட்டையில பதமாச்சு. 1970-களில் மத்திய அரசு, பாதி பதமான தோலோட ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச தோலை அனுப்பச் சொன்னது. குரோம் பதனிடுதல் வேகமெடுத்தது. வாரக்கணக்கில் இழுத்த வேலை ஓரிரு நாளில் முடிஞ்சது.

ராணிப்பேட்டையில் 1976-ல் தொடங்கின தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடினப்போ, லட்சம் டன்னுக்கு மேல கழிவு அங்கேயே கிடந்தது. தோல் ஆலைத் தண்ணியில் பெரும்பாலும் மூன்றாம் நிலை குரோமியம். இந்தக் கழிவுமேட்டில் அதைவிட ஆபத்தான ஆறாம் நிலை.

பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்காக வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: மாசுபடுத்தினவரே செலவை ஏற்கணும்.

சரி, செலவு யாரோடதுன்னு முடிவாச்சு. தண்ணியில கரைஞ்ச குரோமியத்தை எப்படிப் பிடிக்கிறது? ஒரு வழி ஃபெரைட்.

ஃபெரைட்ங்கிறது இரும்பு ஆக்சைடு கலந்த, பீங்கான் மாதிரியான காந்தப் பொருள். அந்தக் காலக் கம்ப்யூட்டர்கள் பிட்டைச் சேமிச்சது குட்டி ஃபெரைட் வளையங்கள்லதான். 1948-ல் லூயி நேல் இதோட ரகசியத்தை விளக்கினார்: உள்ளே இரும்பு அணுக்கள் ரெண்டு அணியா எதிரெதிரா இழுக்குது. பெரிய அணி ஜெயிச்ச மிச்சம்தான் காந்தம்.

குரோமியம் அந்தப் பெரிய அணியில இரும்போட இடத்தைப் பிடிக்கும். இரும்பு அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான் 5, குரோமியத்தில் 3. காந்தம் குறையும். ரெண்டு வகை இரும்பு அயனிகளுக்கு நடுவுல எலக்ட்ரான் தாவித்தான் கரண்ட் போகுது. குரோமியம் நடுவில் உட்கார்ந்தா தாவ இடமில்ல, மின்தடை ஏறும்.

1970-களில் ஜப்பானில் இதையே சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தினாங்க. கழிவுநீரில் இரும்பு உப்பு போட்டு, காரமாக்கி, சூடாக்கி, காற்று ஊதணும். இரும்பு, ஆறாம் நிலை குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு இறக்கும். அப்புறம் ரெண்டும் ஃபெரைட்டா படியும், காந்தத்தால இழுத்துடலாம். குரோமியம் கூடினா காந்தம் பலவீனமாகும், அதனால இரும்பை அள்ளிப் போடணும். கசடும் கூடும்.

இதெல்லாம் தொட்டிக்குள்ள இருக்கிற தண்ணிக்கு. மண்ணுக்குள்ள இறங்கிட்ட குரோமியம் கிணத்துக்குத்தான் போகும். அடுத்த வாரம் பார்ப்போம்.