ஒப்பீட்டுக்காக விடப்பட்டவர்கள்

என் பெரியம்மா சீர்காழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நடவு வேலை செய்தவள். மாதவிலக்கு நின்று நான்கு வருடம் கழித்து மறுபடியும் உதிரம் படத் தொடங்கியபோது வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பாவாடையைத் தனியாக எடுத்துப்போய் வாய்க்காலில் அலசிக்கொண்டாள். நான் பார்த்துக் கேட்டதற்கு, "சூடுடி, வேறென்ன" என்றாள். சென்னைக்கு அழைத்துப்போனபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. 2006 அறுப்பு நேரத்தில் இறந்துபோனாள்.

அடுத்த ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் திண்டுக்கல் மாவட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. நான் அதைப் படித்தது வெகுகாலம் கழித்துத்தான். பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையில் பணியாற்றிய மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கையில் இயங்கும் கிறித்தவ மருத்துவ மையத்தோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

சோதனை மிக எளியது. வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவ வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கெடத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் திட்டுக்கட்டித் தெரியும். எச்.பி.வி. கிருமி தொற்றிப் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், அந்தத் திட்டைக் குளிரால் உறையவைத்து அழித்துவிட அவகாசம் உண்டு. இதையெல்லாம் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பெரிய மருத்துவமனையும் வேண்டாம், ஆய்வுக்கூட முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். கூலி வேலைக்குப் போகிறவளுக்கு இரண்டாவது முறை வரச் சொல்வது, வராதே என்று சொல்வதற்குச் சமம்.

சோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். வராத பதினெட்டாயிரம் பேரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கால் விரித்துப் படுக்க வெட்கம், அன்றைய கூலி, புருஷன் என்ன சொல்வானோ என்ற பயம். எங்கள் ஊராக இருந்தால் காரணங்கள் இவையாகத்தான் இருந்திருக்கும். பெரியம்மாவும் போயிருக்கமாட்டாள் என்றே தோன்றுகிறது.

இத்தனைக்குப் பிறகும், அழைக்கப்பட்ட குழுவில் புற்றுநோய் கால் பங்கும், அதனால் நேர்ந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. எதனோடு ஒப்பிட்டு? வேறு ஊர்களைச் சேர்ந்த 30,958 பெண்களோடு. அவர்களுக்கு ஆய்வின் சோதனை கிடையாது. நோயைப் பற்றிய அறிவுரையும், ஏற்கெனவே இருந்த மருத்துவ வசதியும் மட்டும்தான். அவர்களில் 92 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள்.

இந்தக் குழுவைப் பற்றிப் பின்னால் கடும் விவாதம் எழுந்தது. சோதனை செய்தால் உயிர் பிழைக்கும் என்பது பாப் ஸ்மியர் மூலம் மேலைநாடுகளில் எப்போதோ தெரிந்துவிட்டது, பிறகு ஏன் இவர்களைச் சும்மா விட்டீர்கள் என்று கேட்டார்கள். இந்தியக் கிராமங்களில் நடைமுறையில் இருந்ததே 'சோதனை இல்லை' என்பதுதான் என்று பதில் வந்தது. அந்தப் பதில் உண்மைதான். எனக்குக் கோபம் வருவதும் அந்த உண்மையால்தான். பெரியம்மா எந்த ஆய்விலும் இல்லை, எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கவில்லை. ஆனாலும் ஆயுள் முழுக்க ஒப்பீட்டுக் குழுவில்தான் இருந்தாள். ஆய்வாளர்களை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த 92 பேரையாவது அவர்கள் எண்ணினார்கள்.

2007இல் தமிழக அரசு இந்தச் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. சீர்காழி தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர்தான். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போய்விட்டது (இப்போது மயிலாடுதுறை). அதனால் எங்களுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு திட்டம் மாநிலம் முழுவதும் வந்தது.

போன வருடம் பெரியம்மா மகளை, எனக்கு அக்கா முறை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பியவள். மூன்றாம் முறை உள்ளே போனாள். திரைக்குப் பின்னாலிருந்து செவிலியரின் குரல் கேட்டது: "ஒரு நிமிஷம் அப்படியே இருங்கக்கா. மருந்து தடவியிருக்கேன், பாத்துட்டுச் சொல்றேன்."

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.