பிரிண்டர் பழுதா, ட்ரைவர் பழுதா? ஒரு சிறு வரலாறு

 

தவணைப் பரீட்சை நெருங்கினால் எங்கள் ஊர் ஆசிரியர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "பிரிண்டர் வேலை செய்யுதில்ல." 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பரீட்சைகளே தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று கடதாசி இருக்கிறது, மை இருக்கிறது. கணினியும் பிரிண்டரும்தான் ஒன்றோடொன்று பேசுவதில்லை. நாங்களும் உடனே "பழுது" என்று மூலையில் வைத்துவிட்டு, புதியதற்குக் காசு தேடுகிறோம். அதற்கு முன் இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் மென்பொருள்தான் ட்ரைவர். மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொஸ் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தது. விண்டோஸ் வந்த பின்னர், ஒரு ட்ரைவரைப் போட்டால் எல்லா மென்பொருளுக்கும் போதும் என்றாயிற்று. 1996இல் யூஎஸ்பி வந்து வயர்த் தொல்லையையும் குறைத்தது.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் யாருடைய ஆள் என்ற கேள்வி அதற்கும் முந்தியது. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்துக்கு ஜெரொக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. பழைய பிரிண்டரில் கடதாசி சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டோல்மன். புதியதிலும் அப்படிச் செய்ய மூலநிரல் வேண்டும். அதை வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். "தரமாட்டேன் என்று ஒப்பந்தம் செய்திருக்கிறேன்" என்பதே பதில். கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு இதையும் ஒரு காரணமாக அவர் சொல்வதுண்டு. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். பின்னர் 1999இல் மைக்கேல் சுவீட் வெளியிட்ட கப்ஸ் என்ற அச்சு மென்பொருள்தான் இன்று லினக்ஸிலும் அப்பிள் கணினிகளிலும் வேலை செய்கிறது.

2021இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் "பிரிண்ட்நைட்மேர்" என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. 2023 செப்டம்பரில், பிரிண்டர் கம்பனிகளின் ட்ரைவர்களை விண்டோஸ் அப்டேட் மூலம் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. புதிய பிரிண்டர்களுக்குப் பொது ட்ரைவர் ஒன்றே போதும். எங்களிடம் இருப்பதோ பெரும்பாலும் பழையவை. ஆகவே அவற்றின் ட்ரைவரைக் கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் இப்போதே இறக்கி, பென் ட்ரைவில் பத்திரப்படுத்துங்கள்.

வேலை செய்யாவிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. கணினி இல்லாமல், பிரிண்டரிலேயே கொப்பி அல்லது சோதனைத் தாள் எடுங்கள். வந்தால் இயந்திரம் நல்லது. கோளாறு இணைப்பில் அல்லது ட்ரைவரில்.

2. யூஎஸ்பி வயரை வேறு துளையில் மாற்றினால் "கொப்பி 1" என்று இன்னொரு பெயர் வரக்கூடும். பழைய பெயருக்கு அனுப்பினால் அச்சாகாது.

3. வைஃபை பிரிண்டர் "ஓஃப்லைன்" என்றால், இரண்டும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றனவா பாருங்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டால் பிரிண்டரின் முகவரி மாறிவிடலாம்.

4. வரிசையில் ஒன்று சிக்கினால் பின்னால் உள்ள எல்லாம் நிற்கும். அதை அழித்து, பிரிண்ட் ஸ்பூலர் சேவையை மீண்டும் தொடக்குங்கள்.

5. கடைசியாகத்தான் ட்ரைவரை நீக்கி, புதிதாகப் போடுவது.

பாமினியில் அடித்த வினாத்தாள் அடுத்தவர் கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால், பிரிண்டரைத் திட்டாதீர்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

மூலையில் கிடக்கும் பிரிண்டர் பல, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஊமையாகிப் போனவைதான். விற்பதற்கு முன் இந்த ஐந்தையும் ஒருமுறை செய்து பாருங்கள். சரிவராவிட்டால் மொடல் இலக்கத்தைக் கீழே எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.