ஓய்வுக்கும் ஒரு ஹக்கு உண்டு

பிறருக்குப் பணிவிடை செய்வது பெரும் பேறு. ஆனால், அப்பணியில் ஈடுபட்டோர் ஊணுறக்கம் துறந்து தேய்ந்து போவதே அப்பேற்றின் அடையாளம் என்றோர் எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நம் முன்னோரின் வரலாறு இதனை ஒப்புகிறதா?

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாகப் பிணைத்து வைத்தார்கள். ஒருநாள் ஸல்மான் தம் சகோதரரின் இல்லம் சென்றபோது, அவர்தம் துணைவியார் தம் தோற்றத்தில் கருத்தின்றி இருக்கக் கண்டு காரணம் வினவினார்கள். கணவருக்கு இவ்வுலகில் நாட்டமில்லை என்பதே அம்மாதரசியின் மறுமொழி. நோன்பிருந்த அபூதர்தாவை ஸல்மான் தம்மோடு உண்ண வைத்தார்கள். இரவில் தொழ எழுந்தபோதெல்லாம் உறங்கச் செய்தார்கள். இரவின் கடைப்பகுதியில் இருவரும் எழுந்து தொழுதனர். இறைவனுக்கும், தனக்கும், தன் குடும்பத்தாருக்கும் ஹக்கு உண்டு. ஒவ்வொன்றையும் நிறைவேற்றுக என்பதே ஸல்மான் சொன்னதன் சாரம். அவர் உண்மையே சொன்னார் என நாயகம் (ஸல்) அவர்கள் உறுதி செய்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி.

தன் ஹக்கைத் துறப்பவர், தம்மையறியாமலே பிறர் ஹக்கையும் துறக்க நேரும் என்பதை அவ்வில்லத்தின் நிலை நமக்கு உணர்த்துகிறது.

அது உபரியான வணக்கத்தைப் பற்றியதாயிற்றே. பிறர் கண்ணீர் காத்து நிற்கையில் உறங்கலாமா எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. இதற்கு உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்வில் விடை தேடுவோம்.

கி.பி. 717-இல் கலீபா சுலைமான் மறைந்தபின் அன்னார் பொறுப்பேற்றார்கள். முந்திய இரவு கண்விழித்த களைப்பால் நண்பகலில் சற்றே சாய முற்பட்டபோது, மகனார் அப்துல் மலிக் வந்து, அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றை உரியவரிடம் மீட்டுக் கொடுக்காமல் உறங்குவதா எனக் கேட்டார். லுஹருக்குப் பின் செய்வதாகத் தந்தை சொல்ல, அதுவரை உயிரோடிருப்பதற்கு உத்தரவாதம் யாது என்றார் மகன். தந்தை அவரை முத்தமிட்டு, உறங்காமலே எழுந்து சென்றார்கள்.

மற்றோர் அறிவிப்பில் இதே மகனார் இதே கேள்வியைக் கேட்கிறார்; தந்தையின் விடையோ வேறு. தம் உடலும் உள்ளமும் தமக்கு வாகனம் என்றும், அதனிடம் மென்மை காட்டாவிடில் அது தம்மை இலக்கில் சேர்க்காது என்றும் அன்னார் விளக்கினார்கள்.

இரண்டும் முரண் எனத் தோன்றலாம், முரணில்லை. இப்போதே, தானே தீர்க்க வேண்டிய கடன் காத்திருந்தால் எழுவது கடமை. ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய பயணமாயின் வாகனத்தைக் காப்பதும் கடமை.

நோயாளியின் நிலையோ இவ்விரண்டும் கலந்தது. அவருடைய தேவை இந்நொடிக்குரியது; நோயோ நெடுநாளைக்குரியது. இதற்கு வழி கண்டவர்கள் மருத்துவமனை அமைத்த நம் முன்னோர். ஹிஜ்ரி 372-இல் (கி.பி. 982) பக்தாதில் அளுதுத் தௌலா நிறுவிய மருத்துவமனையில் 24 மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர். அங்குப் பணியாற்றிய ஜிப்ரீல் இப்னு உபைதுல்லாஹ் என்ற கிறிஸ்தவ மருத்துவரின் முறை, வாரத்துக்கு இரண்டு பகலும் இரண்டு இரவும் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். நோயாளி எந்த இரவிலும் தனித்து விடப்படவில்லை. எந்த மருத்துவரும் எல்லா இரவிலும் விழித்திருக்கவில்லை. அம்முறைக்கு அரபியில் நவ்பத் என்று பெயர்.

நம் இல்லங்களைப் பார்ப்போம். படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஒரே மருமகள் பல்லாண்டுகளாகப் பேணுகிறாள். நாம் நோய் விசாரிக்கச் செல்கிறோம், பழம் வைக்கிறோம், துஆச் செய்கிறோம், அவள் போட்டுத் தந்த தேநீரையும் பருகிவிட்டு, அவளது பொறுமையைப் புகழ்ந்து திரும்புகிறோம். அவள் கடைசியாக இரவு முழுவதும் உறங்கியது எப்போது என நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? அவ்வுடலும் அல்லாஹ் அளித்த அமானிதமன்றோ? தனக்கு ஓய்வு வேண்டுமென அவள் வாய் திறந்தால் அதனைக் குறையாகப் பேசவும் நாம் தயங்குவதில்லை.

அபூதர்தா (ரலி) அவர்கள் தாமாக உறங்கவில்லை; ஒரு சகோதரர் வந்து உறங்க வைத்தார். அடுத்த முறை நோய் விசாரிக்கச் செல்லும்போது, "இன்றிரவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய் உறங்கம்மா" என்று சொல்லி, விடியும்வரை அங்கே அமர்ந்திருப்போம். நம் முறை அது.