நூர்மியின் உள்ளங்கைக் கடிகாரம்

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கத்தை பின்லாந்தின் பாவோ நூர்மி பிரான்ஸ் வீரர் ஒருவரிடம் இழந்தார். நூர்மியின் கால்களில் குறை ஏதும் இல்லை. முதல் சில சுற்றுகளை அனல் பறக்க ஓடுவது அவருடைய அன்றைய பாணி. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஒரு ஸ்டாப்வாட்ச் அவர் உள்ளங்கையில் குடியேறியது. பயிற்சியில் மட்டுமல்ல, போட்டியிலும் அதைப் பிடித்துக்கொண்டே ஓடினார். பக்கத்தில் ஓடுபவர் சீறிப் பாய்ந்தாலும் பின்தங்கினாலும் நூர்மி நம்பியது கையிலிருந்த முள்ளைத்தான்.

1924 ஜூலை 10, பாரிஸ். 1,500 மீட்டரில் தங்கம் வென்ற நூர்மி, சுமார் ஒரு மணி நேர இடைவெளியில் 5,000 மீட்டருக்கு வந்து நின்றார். களைத்திருப்பார் என்று கணக்குப் போட்ட எதிராளிகள் தொடக்கத்திலேயே வேகத்தைக் கூட்டினார்கள். அவர் மசியவில்லை. தன் வேகம் தனக்குத் தெரியும் என்பதுபோல ஓடி, நடுவில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைப் புல்லில் எறிந்தார். 14 நிமிடம் 31.2 வினாடியில் தங்கம். 400 மீட்டருக்குச் சராசரி எழுபது வினாடிக்குச் சற்றே குறைவு.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி ஆக்சிஜன் வழியாகத்தான் கிடைக்கிறது. ஓடத் தொடங்கியதும் அந்த வரத்து முழு அளவை எட்டிவிடாது, ஓரிரு நிமிடம் பிடிக்கும். அதற்குள் துள்ளிக் குதித்து ஓடினால், முதல் கிலோமீட்டரில் சம்பாதித்த பத்து வினாடியைக் கடைசிக் கிலோமீட்டர் கந்துவட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். கடிகாரம் நூர்மியைத் துரத்தவில்லை, ஆரம்பத்தில் அடக்கி வைத்தது. அதுதான் அதன் முதல் பெரிய உதவி என்பேன்.

பிறகு கடிகாரம் பயிற்சியாளர்கள் கைக்கும் போனது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரெயின்டெலும், வேக ஓட்டத்துக்கு நடுவே எவ்வளவு ஓய்வு என்பதை நாடித்துடிப்பை எண்ணித் தீர்மானித்தார்கள். செக் வீரர் எமில் ஸாட்டோபெக் 400 மீட்டர் வேகம், இடையே மெதுவோட்டம் என்று நாற்பது முறைகூடத் திரும்பத் திரும்ப ஓடுவார். 1952-ல் ஹெல்சின்கி மைதானத்துக்குள் ஒலிம்பிக் சுடரை ஏந்தி வந்தவர் நூர்மி. அதே மைதானத்தில் 5,000 மீட்டர் தங்கம் ஸாட்டோபெக்குக்கு.

2020-ல் மொனாக்கோவில் கடிகாரம் தரைக்கே இறங்கிவிட்டது. ஓடுதளத்தின் உள்விளிம்பில் பதித்த விளக்குகள் குறித்த வேகத்தில் ஒவ்வொன்றாக எரிந்து முன்னே போயின. உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் அந்த வெளிச்சத்தோடு 5,000 மீட்டர் ஓடினார். வேகம் பிடித்துக் கொடுக்க வந்தவர்கள் பாதி தூரத்துக்கு முன்பே விலகிவிட, மீதிக்கு விளக்கு மட்டுமே துணை. 12 நிமிடம் 35.36 வினாடி, சுற்றுக்குச் சராசரி 60.4 வினாடி. கெனெனிசா பெக்கேலேயின் பதினாறு ஆண்டுச் சாதனை அன்று உடைந்தது.

இன்னொரு கணக்கு என்னைச் சிலிர்க்க வைக்கிறது. 14 நிமிடத்துக்குள் இந்தத் தூரத்தை முதலில் ஓடிய ஆண் ஸ்வீடனின் குன்டர் ஹெக்: 1942-ல், 13 நிமிடம் 58.2 வினாடி. முதல் பெண் கென்யாவின் பியாட்ரிஸ் செபெட்: 2025-ல், 13 நிமிடம் 58.06 வினாடி.

2003-ல் கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் ஜிபிஎஸ் கடிகாரம் வந்த பிறகு, தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் கடிகாரம் சாதாரண ஓட்டக்காரர்கள் மணிக்கட்டுக்கும் வந்துசேர்ந்தது. ஆனால் ஜிபிஎஸ் அந்தந்த நொடிக்குக் காட்டும் வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். மர நிழலிலும் உயரக் கட்டடங்களுக்கு இடையிலும் அது தாவும். கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது ஆன நேரத்தைப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு 25 நிமிடம் இலக்கு என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம், 400 மீட்டருக்கு 2 நிமிடம். வாரத்தில் ஒரு நாள் இந்த வேகத்தில் 400 மீட்டரைப் பத்து முறை, இடையே மெதுவோட்டத்தோடு ஓடிப் பழகுங்கள். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். பந்தய நாளில் முதல் கிலோமீட்டர் 4 நிமிடம் 40 வினாடியில் முடிந்தால் மகிழ வேண்டாம், உடனே வேகத்தைக் குறையுங்கள்.